மேட்ச் அன்றைக்கு வாணலி ஏற்றாதீர்கள்

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தோம். திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. தெருவில் இன்வெர்ட்டர் இருந்தது எங்கள் வீட்டில்தான் என்பதால் மேட்ச் என்றால் எல்லோரும் இங்கே வந்துவிடுவார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் பதினோரு நாள்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் எங்கள் தெருப்பக்கம் ஒரு பிரசார ஆட்டோகூட வரவில்லை.

அம்மா மத்தியானமே கொல்லையில் மொந்தன் வாழைக்காய் இரண்டு சீப்பு வெட்டி வைத்திருந்தாள். இலங்கை 274 ரன் எடுத்து முடித்த இடைவேளையில் வாணலியை ஏற்றினாள். இந்தியா ஆட வந்தபோது முதல் ஈடு பஜ்ஜி தயார். தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு அவள் கூடத்து நிலைப்படியைத் தாண்டவும், இன்னிங்ஸின் இரண்டாவது பந்திலேயே மலிங்காவிடம் சேவாக் எல்.பி.டபிள்யூ ஆகவும் சரியாக இருந்தது. அப்புறம் சட்னிக் கிண்ணத்தை நிரப்ப ஒரு தடவை வந்தாள். ஏழாவது ஓவரின் முதல் பந்து. சச்சின் 18 ரன்னில் சங்கக்காராவிடம் கேட்ச்.

கூடத்தில் ஒருவரும் பஜ்ஜியைத் தொடவில்லை. சித்தப்பாதான் சொன்னார்: "அண்ணி, நீங்க வந்தா விக்கெட் விழுது. கோவிச்சுக்காதீங்க, அடுப்படியிலயே இருந்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் அவள் கூடத்துக்கு வரவே இல்லை. ஆள் வந்துகொண்டே இருந்ததால் பஜ்ஜி தீர்ந்து வெங்காய பக்கோடா, பக்கோடா தீர்ந்து மறுபடி காபி என்று அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. தட்டை வாங்கி வரும் வேலை எனக்கு. ஒவ்வொரு தடவை போகும்போதும் அவள் கேட்பது ஒன்றுதான்: "கம்பீர் இருக்கானா?"

கம்பீர் இருந்தார். 97 வரை இருந்தார். கோலி 35 ரன்னில் பந்து வீசிய தில்ஷானுக்கே கேட்ச் கொடுத்து அவுட் ஆனபோது அம்மா அடுப்படியில்தான் இருந்தாள். கம்பீர் போல்டு ஆனபோதும் அங்கேதான் இருந்தாள். அந்த இரண்டு விக்கெட்டையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ராசி பார்ப்பவர்களின் கணக்கு அப்படித்தான், வேண்டியதை மட்டும் எழுதிக்கொள்ளும்.

குலசேகரா வீசிய 49-ஆவது ஓவரின் இரண்டாவது பந்தை தோனி சிக்ஸருக்கு அனுப்பினார். தெருவில் வெடிச் சத்தம். யார் யாரைக் கட்டிப் பிடித்தோம் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. முற்றத்தைத் தாண்டி ஓடினேன். கையில் ஜல்லிக்கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும்.

"சிக்ஸ்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. எந்தப் பக்கம் அடிச்சான்?" என்றாள்.

இந்தக் கேள்வி இத்தனை வருடமாகியும் என்னை விடவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த இருபது பேரில் அம்மா அளவுக்கு கிரிக்கெட் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அவள் கிரிக்கெட் கற்றுக்கொண்டது காதால். சின்ன வயதில் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் வானொலியில் தமிழில் வர்ணனை வரும். அப்துல் ஜப்பாரின் குரலைப் பற்றி இன்றைக்கும் அம்மா பேசுவாள். தாத்தா டிரான்சிஸ்டரைக் களத்து மேட்டுக்கு எடுத்துப் போவாராம். ஆட்கள் நெல் தூற்றிக்கொண்டிருக்க, பந்து எந்தப் பக்கம் போனது, யார் ஓடிப் பிடித்தார்கள் என்று கேட்டுக் கேட்டே அவள் மனதுக்குள் மைதானத்தைப் போட்டுக்கொண்டாள். ஸ்லிப் எங்கே, கவர் எங்கே, லாங் ஆன் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படிப்பட்டவளைத்தான் அடுப்படியிலேயே இருக்கச் சொன்னோம். சொன்னது சித்தப்பா என்றாலும், கரண்டியை வாங்கிக்கொண்டு "நீ போய்ப் பாரும்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பஜ்ஜி போடத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

இந்தக் கட்டுரை முறுக்கு எப்படிச் சுடுவது என்பதைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, எப்போது சுடுவது என்பதைப் பற்றியது. மேட்ச் அன்றைக்கு வாணலி ஏற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம். நொறுக்குத் தீனி கண்டிப்பாக உண்டு. ஆனால் முதல் நாளோ அதற்கு முதல் நாளோ சுட்டு, ஆறவைத்து, சம்புடத்தில் அடைத்துவிட வேண்டும். டாஸ் போடும் நேரத்தில் அடுப்பு அணைந்து, அடுப்படி மெழுகித் துடைத்து, சுட்டவர் குளித்துவிட்டு டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பஜ்ஜி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஐப்பசி மழையில், டீயோடு, மொந்தன் வாழைக்காய் பஜ்ஜிக்கு இணை எதுவும் இல்லை. ஆனால் பஜ்ஜிக்குச் சுடச்சுட இருந்தால்தான் உயிர். ஆறினால் மேல்தோல் தொளதொளத்து எண்ணெய் கக்கும். அதனால் பஜ்ஜி சாப்பிட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த கதைதான். முறுக்குக்கும் தட்டைக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. முந்தாநாள் சுட்டதும் இன்று சுட்டதும் ஒரே மொறுமொறுப்பு.

இதற்கு நல்ல அத்தாட்சி 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டம். மே 28 ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்தில் சென்னைக்கும் குஜராத்துக்கும் போட்டி. மழை விடவே இல்லை, ஒரு பந்துகூடப் போடவில்லை. மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். நாங்கள் சம்புடத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போனோம். திங்கட்கிழமை அதே முறுக்கு, அதே இடம், அதே ஆட்கள். நம் ஊர்ப் பையன் சாய் சுதர்சன் குஜராத்துக்காக 96 அடித்தார். சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் கைதட்டினோம். அப்புறம் மறுபடியும் மழை. சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றினார்கள். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோகித் சர்மா பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். மணி ஒன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் யார் பஜ்ஜி போடுவார்கள்? முறுக்கு இரண்டு ராத்திரியும் தாங்கியது.

சரி, முறுக்குக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் முறுக்கு தொடங்கும் இடம் வயல். தை மாதம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெற்பயிருக்கு நடுவிலேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்து மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் பதிய வேண்டும், ஒட்டக் கூடாது. நெல்லை அறுக்கும்போது உளுந்து முளைவிட்டிருக்கும். அதற்கென்று தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மாசிப் பனியிலும் அது வளர்ந்துவிடும். காவிரி கொடுத்த தண்ணீரில் கடைசிச் சொட்டையும் வீணாக்காமல் எடுத்துக்கொள்ளும் பயிர் அது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே உளுந்து ரகங்களைக் கொடுத்திருக்கிறது. அறுப்பு மெஷின் வந்த பிறகு முளைத்த செடிகளைச் சக்கரம் நசுக்கிவிடுகிறது என்பதால், விதைக்கும் நாளை அறுப்புக்கு நெருக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்படியும் சேதம் இல்லாமல் இல்லை.

பங்குனியில் உளுந்தைப் பிடுங்கி, களத்தில் காயப்போட்டு, அடித்து, தூற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். ஐ.பி.எல். ஆரம்பிப்பதும் அப்போதுதான். புது உளுந்து மூட்டை தாழ்வாரத்தில் இருக்க, டிவியில் முதல் மேட்ச் ஓடும். புது உளுந்தை வறுத்தால் வரும் வாசனை தெருமுனை வரை வரும். பாக்கெட் உளுந்து மாவில் அந்த வாசனையை நான் ஒருபோதும் கண்டதில்லை.

அம்மாவின் அளவு எளிது. மாவுப் பச்சரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. அரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்த வேண்டும். கையில் எடுத்தால் ஒட்டாமல், ஆனால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது மெஷினில் கொடுத்து அரைக்க வேண்டும். மெஷினில் நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பார்த்துக்கொள்வது அவசியம். மிளகாய்த் தூளுக்குப் பின்னால் போனால் தேன்குழல் காரமாகிவிடும். கோதுமைக்குப் பின்னால் போனாலும் மாவு கெட்டது. அரிசி அரைக்க வந்தவர் பின்னால் நிற்பதுதான் நல்லது. அரைத்து வந்ததும் சலித்து, வெறும் வாணலியில் ஈரம் போகும் அளவுக்கு மட்டும் வறுத்துக்கொள்ள வேண்டும். கையால் கோலம் போட்டால் இழை விட வேண்டும் என்பது அம்மா சொல்லும் அடையாளம். உளுந்தைச் சிவக்க விடாமல், வாசனை வந்ததும் இறக்கி, தனியாக நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். உளுந்து கருகினால் முறுக்கும் கறுத்துப் போகும்.

இன்னொரு முறுக்கும் எங்கள் வீட்டில் உண்டு. புழுங்கலரிசியை ஊறவைத்துக் கெட்டியாக ஆட்டி, பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைவது. மெஷினுக்குப் போக வேண்டாம், வெயில் நிழல் பார்க்க வேண்டாம். இந்தியா திடீரென்று ஃபைனலுக்குப் போய்விட்டால் இதுதான் கைகொடுக்கும். ஆட்டும்போது தண்ணீர் ஒரு கை கூடிவிட்டால் சரிப்படுத்துவது சிரமம் என்பது ஒன்றுதான் இதில் பயம்.

பிசைவதில்தான் என் முதல் முறுக்கு கெட்டது. மாவு முழுவதையும் ஒரே தடவையில் பிசைந்து வைத்துவிட்டேன். முதல் இரண்டு ஈடு வெள்ளையாக வந்தது. கடைசி ஈடு செங்கல் நிறம். பிசைந்த மாவு உட்கார உட்கார முறுக்கு சிவந்துவிடும் என்று அம்மா அப்போதுதான் சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "சொன்னா மறந்துடுவ. பார்த்தா மறக்க மாட்ட" என்றாள். இப்போது நாலு கை மாவாகத்தான் எடுத்துப் பிசைகிறேன். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். கட்டிப் பெருங்காயத்தை முன்னாலேயே ஊறவைத்துவிட வேண்டும். எள், சீரகம், எலுமிச்சை அளவு வெண்ணெய். வெண்ணெய் குறைந்தால் முறுக்கு கல், கூடினால் எண்ணெயில் போட்டதும் கரைந்து உதிர்ந்துவிடும். மாவைப் பிடித்தால் விரல் ரேகை பதிய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. வயல் மண்ணின் பதமும் முறுக்கு மாவின் பதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எண்ணெய், கடலை எண்ணெய். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் சுடும் வீடுகள் நிறைய உண்டு, அதிலும் நன்றாகத்தான் வரும். எங்கள் வீட்டில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் பழகிவிட்டது. எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மாவைக் கிள்ளிப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். புகை வந்தால் அதிகம். அம்மா கொட்டைப்பாக்கு அளவு புளியை முதலில் எண்ணெயில் போட்டுப் பொரித்து எடுத்துவிடுவாள், எண்ணெய் பொங்காது என்பாள். முதலில் பிழிகிற முறுக்கு பிள்ளையாருக்கு. அதை யாரும் ருசி பார்க்கக் கூடாது.

அச்சு எங்கள் பாட்டியுடையது. கும்பகோணத்தில் வாங்கிய பித்தளை அச்சு, அடியில் போடும் வில்லைகள் ஐந்து. ஒற்றைக் கண், மூன்று கண், நட்சத்திரக் கண், நாடா, ஓமப்பொடிக்கான பொடிக்கண். நட்சத்திரக் கண்ணில் ஒரு முனை தேய்ந்து போயிருக்கிறது. எங்கள் வீட்டு முள்ளு முறுக்கில் ஒரு பக்கம் முள் இருக்காது. பக்கத்து வீட்டு முறுக்கோடு கலந்துவிட்டாலும் எங்களுடையதைத் தனியே எடுத்துவிடலாம்.

எண்ணெயில் போட்ட பிறகு கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. இதை அம்மா என்னிடம் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். முறுக்கு விழுந்ததும் சளசளவென்று பெரிய சத்தம் வரும். குமிழ் கொப்பளிக்கும். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிற சத்தம் அது. திருப்பிப் போட்ட பிறகு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நிறத்தைப் பார்த்து எடுத்தால் நடுவில் ஈரம் நின்று, மறுநாளே நமுத்துப் போகும். சத்தம் அடங்கியதும் எடுத்தால் பதினைந்து நாள் இருக்கும். "சத்தம் அடங்கட்டும், அவசரப்படாத" என்று அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டை தட்டிக்கொண்டே சொல்வாள். திரும்பிப் பார்க்காமலேயே "இப்ப எடு" என்பாள். அந்த நொடியில் எடுத்த முறுக்கை உடைத்தால் உள்ளே சின்னச் சின்னக் கண்ணறைகள் தெரியும், ஒரு துளி ஈரம் இருக்காது.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கூடத்தின் சத்தத்தை வைத்தே, விழுந்தது விக்கெட்டா, போனது ஃபோரா, கை நழுவியது கேட்சா என்று அவள் சொன்னதும் இந்தக் காதால்தான்.

தட்டையைப் பற்றிக் கொஞ்சம். மேட்ச் பார்க்கும்போது சாப்பிடுவதற்குத் தட்டையை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் தீர்மானம். முறுக்கை உடைக்க இரண்டு கை வேண்டும், கண் ஒரு நொடி கீழே போகும். தட்டையை ஒரு கையால் எடுத்துக் கடித்துக்கொண்டே பார்க்கலாம். உள்ளே ஊறிய கடலைப்பருப்பு பல்லில் படும்போது ஒரு ருசி, கறிவேப்பிலை வரும்போது ஒரு ருசி. துணியில் வைத்து விரலால் தட்டும்போது எல்லா இடமும் ஒரே கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வேகாது. பூரி மாதிரி உப்பாமல் இருக்க முள்கரண்டியால் நாலு குத்து. ரிப்பன் பக்கோடா சீக்கிரம் ஆகும், ஆனால் தூள் அதிகம். பெட்ஷீட்டில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஆகாது.

சீடை மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் மறுபடியும் அகமதாபாத்தில். என் சட்டத்தை நானே மீறினேன். முறுக்கு, தட்டை எல்லாம் முதல் நாளே தயார். இருந்தாலும் மேட்ச் இரண்டு மணிக்குத்தானே, காலையில் உப்புச் சீடை போட்டுவிடலாம் என்று வாணலியை ஏற்றினேன். வீட்டு மாவு தீர்ந்திருந்தது, கடையில் வாங்கிய மாவை வறுக்காமல் சலிக்காமல் பிசைந்துவிட்டேன். உருண்டை அழகாக வர வேண்டும் என்று இறுக்கி, பளபளவென்று உருட்டினேன். அதுதான் தப்பு. சீடையின் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வர வழி இல்லாவிட்டால் வெடிக்கும். இரண்டாவது ஈட்டில் முதல் சீடை வெடித்தது. அடுத்து நாலைந்து ஒன்றாக. எண்ணெய் என் முன்கையில் தெளித்தது, ஒரு சீடை உத்தரத்தில் போய் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் குழாய்த் தண்ணீரில் ரொம்ப நேரம் காட்டினேன். பக்கத்தில் என் பெண் நின்றிருந்தாள். அவள் மேல் படவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

சீடை போடத்தான் வேண்டும் என்றால் மாவை நன்றாக வறுத்து இரண்டு தடவை சலியுங்கள், உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், இறுக்காமல் சும்மா உருட்டி, துணியில் கொஞ்ச நேரம் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்துக் குத்துங்கள். குழந்தைகளை அடுப்படிக்குள் விடாதீர்கள். அவசரம் இருக்கும் நாளில் தொடவே தொடாதீர்கள்.

அன்றைய மேட்ச் எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியா 240. டிராவிஸ் ஹெட் 137. கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தேன். சம்புடம் திறந்தபடியே இருந்தது, பாதிக்கு மேல் யாரும் சாப்பிடவில்லை.

2024 ஜூனில் டி20 உலகக் கோப்பை. அந்த வருடம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். குடமுருட்டியில் மணல் தெரிந்தது. பம்புசெட் இருந்தவர்கள் மட்டும் குறுவை நட்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த சித்தப்பாவுக்கு வயலில் வேலை இல்லை. தினமும் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். மேட்ச் உள்ள நாளில் பேச்சு கொஞ்சம் கலகலப்பாக இருக்கும்.

கயானாவில் இங்கிலாந்தை இந்தியா ஜெயித்த அரையிறுதி வியாழன் நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. சனிக்கிழமை ஃபைனல். நடுவில் ஒரே ஒரு நாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் என் மனைவியும் அடுப்படியில் இறங்கினோம். பங்குனியில் வந்த உளுந்தில் மாவு தயாராக இருந்தது. அவள் தட்டை தட்ட, நான் பிழிந்து எடுக்க, பன்னிரண்டு மணிக்குள் இரண்டு சம்புடம் நிறைந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவைதான் "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

சனிக்கிழமை இரவு எட்டு மணி. பார்படாஸில் டாஸ் ஜெயித்து இந்தியா பேட்டிங். "அத்தை, நீங்க முன்னாடி உட்காருங்க" என்று என் மனைவி அம்மாவை டிவிக்கு நேர் எதிரில் உட்காரவைத்தாள். சித்தப்பா பக்கத்தில், தரையில் சுவரோடு சாய்ந்து. 34 ரன்னில் மூன்று விக்கெட் போனபோது அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். காபி போடுகிறேன் என்றாள். காபி ஃபிளாஸ்க்கில் இருக்கிறது என்றேன். கோலி 76, அக்சர் 47. இந்தியா 176.

தென்னாப்பிரிக்கா ஆடியபோது அக்சரின் ஒரே ஓவரில் 24 ரன் போனது. 30 பந்தில் 30 ரன் வேண்டும், கிளாசன் அடித்துக்கொண்டிருக்கிறார், கையில் ஆறு விக்கெட். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள்.

"நான் அடுப்படிக்குப் போறேன்டா. 2011-ல அப்படித்தானே ஜெயிச்சோம்."

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் சித்தப்பா பேசினார். டிவியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"உட்காருங்கண்ணி. தோத்தாலும் பரவால்ல. நீங்க பாருங்க."

அம்மா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். சித்தப்பா தட்டையை எடுத்து நீட்டினார், வாங்கிக்கொண்டாள். பும்ரா ஓவரில் நாலே ரன். அடுத்து ஹர்திக்கின் முதல் பந்தில் கிளாசன், பந்த் கையில் கேட்ச். பும்ரா மறுபடி வந்து யான்சனை போல்டு எடுத்தார். அர்ஷ்தீப் நாலு ரன்தான் கொடுத்தார். கடைசி ஓவரில் 16 ரன். மில்லர் முதல் பந்தைத் தூக்கி அடிக்க, லாங் ஆஃப் எல்லையில் சூர்யகுமார் ஓடிவந்து பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, வெளியே போய்த் திரும்பி வந்து பிடித்தார். மூன்றாவது நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் கால் கயிற்றில் பட்டதா, படவில்லையா என்று கத்திக்கொண்டிருந்தோம்.

அம்மா முன்னால் குனிந்து திரையைப் பார்த்தாள். "படலை," என்றாள். "எனக்குத் தெரியுது. படலை." நடுவர் அவுட் கொடுக்கும் முன்னால் சொல்லிவிட்டாள்.

ஏழு ரன்னில் ஜெயித்தோம். பையன்கள் தெருவில் வெடி போட ஓடினார்கள். சித்தப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா எழுந்திருக்கவில்லை. அந்த கேட்சை டிவியில் காட்டிய ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். கோலி இதுதான் தன் கடைசி டி20 உலகக் கோப்பை என்று பேசியதைக் கேட்டாள். கோப்பையைத் தூக்கும் வரை அப்படியே இருந்தாள். சித்தப்பா கொடுத்த தட்டை இன்னும் கையிலேயே இருந்தது, ஒரு கடி மட்டும் கடித்திருந்தாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"சம்புடத்தை மூடினியாடா? நமுத்துப் போயிடும்."